திரையில் எழுத்து எவ்வளவு இருக்கலாம்?

கேள்வி: அரசுப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். பாடம் முழுவதையும் பவர்பாயிண்ட் ஸ்லைடுகளாக்கித் திரையிடுகிறேன். மாணவர்கள் அமைதியாகப் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். மறுநாள் கேட்டால் பதில் வருவதில்லை. கரும்பலகைக்கே திரும்பிவிடலாமா?
– ஆசிரியை ஒருவர், ஏற்காடு

பதில்: திரும்ப வேண்டாம், ஸ்லைடில் உள்ள வரிகளை நீக்குங்கள். திரையில் இருப்பதையே நீங்களும் வாசிக்கும்போது, மாணவரின் கண் ஒரு வேகத்திலும் காது வேறொரு வேகத்திலும் அதே சொற்களைத் துரத்துகின்றன. கையும் எழுதிக்கொண்டிருந்தால் யோசிப்பதற்கு இடமே மிஞ்சாது. நீங்கள் சொல்லும் அந்த அமைதி, படியெடுக்கும் அமைதிதான். படத்துடன் பேச்சு மட்டும் சேரும்போது, அதே பேச்சை எழுத்தாகவும் காட்டுவதைவிடப் பாடம் நன்றாகப் பதிகிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல சோதனைகளில் கண்டார். 'மகரந்தச் சேர்க்கை' போன்ற புதிய கலைச்சொல்லை மட்டும் படத்தின் அருகே எழுதிக் காட்டலாம்.

பூவிலிருந்து கனி உருவாகும் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். உங்கள் ஊர்த் தோட்டங்களில் கோடை மழைக்குப் பின் காப்பிச் செடி வெள்ளையாகப் பூப்பதை மாணவர்கள் அறிவார்கள். ஆனால் அராபிகா வகையில் அந்தப் பூ சிவந்த பழமாவதற்கு ஏறத்தாழ 8 மாதங்கள் ஆகின்றன. ஒரே கிளையை மொட்டு, பூ, பச்சைக் காய், பழம் என 4 நிலைகளில் கைப்பேசியில் படமெடுத்து அடுத்தடுத்துக் காட்டினால், ஒரு பாடவேளையில் எந்தத் தோட்டத்திலும் பார்க்க முடியாத மாற்றத்தை அவர்கள் கண்ணால் காண்பார்கள். திரை செய்ய வேண்டிய வேலை இதுதான். பழக் காலத்தில் படம்கூட வேண்டாம். ஆளுக்கொரு பழத்தைக் கொடுத்துப் பிதுக்கச் சொல்லுங்கள், வழுவழுப்பான இரண்டு விதைகள் தட்டைப் பக்கங்கள் ஒட்டியபடி வெளியே வரும்.

படத்தைக் காட்டியதும் விளக்கத் தொடங்கிவிடாமல், "முந்தைய படத்திலிருந்து என்ன மாறியிருக்கிறது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பேச்சு சூடுபிடித்தால், விசைப்பலகையில் ஆங்கில 'B' எழுத்தை அழுத்துங்கள்; திரை கருப்பாகிவிடும், பார்வை உங்களிடம் வரும். மறுபடி அழுத்தினால் படம் திரும்பிவிடும்.

கணக்கு, சமன்பாடு, பூவின் பாகங்களை வரைதல் ஆகியவற்றுக்குக் கரும்பலகைதான் ஏற்றது. கோடு கோடாக வளர்வதைப் பார்த்துக்கொண்டே மாணவரும் வரையலாம். ஆகவே திரையைக் கரும்பலகையின் மீது கட்டாமல், பக்கத்துச் சுவரில் மாட்டுங்கள்.