ஸ்ரோர் என்று சொன்ன அறைக்குள் இருப்பவர்தான் விற்பவர்

கேள்வி: எங்கள் வீட்டை விற்கப் போட்டு ஐந்து மாதமாகிறது. காணி உறுதி அம்மாவின் பெயரில். பார்க்க வருகிறவர்கள் வந்த கையோடு போய்விடுகிறார்கள். கனடாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தில் மனைவிக்குத் தலையிடி, பிள்ளைக்கு மூச்சிழுப்பே தொடங்கிவிட்டது. சாம்பிராணி போட்டு, மல்லிகை ஸ்பிறே அடித்து, அலுமாரிக்குள் பூச்சி உருண்டையும் வைத்துத்தான் காட்டுகிறோம். (அம்மாவின் அறையைச் சாத்தி, அது ஸ்ரோர் என்று சொல்லிவிடுவோம். அவ சத்தம்போடாமல் படுத்திருப்பா.) வாங்குகிறவர்களுக்கு ஒத்துக்கொள்ளும் வாசனை எது?
வாசகி, கிளிநொச்சி

பதில்: எந்த வாசனையும் வேண்டாம், தங்கச்சி. கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதியதைப் பற்றித்தான் நான் பேசவேண்டும்.

உறுதி அம்மாவின் பெயரில் என்கிறீர்கள். காணி விற்கிற உறுதியில் உரிமையாளரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையெழுத்து வைக்கவேண்டும். 1840ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டுச் சட்டம் அதுதான். ஆகவே, ஸ்ரோர் என்று நீங்கள் காட்டிய கதவுக்குப் பின்னால் படுத்திருப்பவர்தான் வீட்டை விற்பவர். வாங்குகிறவர் என்றைக்கோ ஒருநாள் அவரைக் கேட்கத்தான் போகிறார். அன்றைக்கு எந்த முகத்தோடு அந்தக் கதவைத் திறப்பீர்கள்? பெற்ற தாயைச் சாமானோடு சாமானாக்கியதுமல்லாமல், அவர் சத்தம்போடாமல் கிடப்பதையும் ஒரு வசதிபோல எழுதியிருக்கிறீர்கள். விற்ற பிறகு அவர் எங்கே இருப்பார் என்று கடிதம் முழுக்கத் தேடினேன், ஒரு வரியும் இல்லை.

வருகிறவர்களை விரட்டுவதும் அந்தச் சாத்திய கதவுதான். படுக்கையில் இருப்பவரின் சிறுநீர் பாயிலும் மெத்தையிலும் சீமெந்துத் தரையிலும் ஊறும். கிருமிகள் அதை உடைக்க அமோனியா கிளம்பும். கூடவே யூரிக் அமிலம் நுண்ணிய பளிங்காகத் தரைக்குள் தங்கிவிடும். பச்சைத் தண்ணீரில் அது லேசில் கரையாது. காய்ந்து கிடக்கும்வரை பேசாமல் இருந்துவிட்டு, வாடைக் காற்றோடு ஈரம் ஏறும்போது திரும்ப மணக்கும். அந்த வீட்டிலேயே புழங்கும் உங்கள் மூக்குக்கு அது பழகிப்போயிருக்கும். வெளியிலிருந்து வருகிறவருக்கு வாசல்படியிலேயே தெரியும். அதன் மேல் மல்லிகையைத் தெளித்தால் சிறுநீரும் மல்லிகையும் சேர்ந்த மூன்றாவது நாற்றம் ஒன்றுதான் வரும். ஆட்கள் எதையோ மறைக்கிறார்கள் என்ற எண்ணமும் அதோடு வரும். இழுப்புக்காரருக்குச் சாம்பிராணிப் புகையும் ஸ்பிறேயும் நஞ்சு மாதிரி. அந்தப் பிள்ளைக்கு இழுத்ததில் உங்கள் கைக்கும் பங்கிருக்கலாம்.

செய்யவேண்டியதை அம்மாவிடமிருந்து தொடங்குங்கள். இரவில் பாய் நனையக்கூடாதென்று அவருக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கிறீர்களா? பல வீடுகளில் நடப்பது இது. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் தடித்து நாற்றம் கூடும், கிருமித்தொற்றும் சுலபமாக வரும். வைத்தியர் மட்டுப்படுத்தச் சொல்லியிருந்தாலொழிய, பகலில் தாராளமாகக் குடிக்கக் கொடுங்கள். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம், அவர் கேட்கும்வரை பாராமல், நீங்களாகவே எழுப்பிக் கூட்டிப்போங்கள். நடக்க இயலாவிட்டால் கட்டிலோரம் கொமோட் கதிரை வையுங்கள். நாற்றம் திடீரென்று கூடினாலோ, எரிவு, காய்ச்சல், தடுமாற்றம் கண்டாலோ ஆஸ்பத்திரியில் சிறுநீரைச் சோதிக்கக் கொடுக்கவேண்டும். முதுகிலும் குதிக்காலிலும் படுக்கைப்புண் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். புண்ணிலிருந்து மணம் வந்தால் அது கழுவித் தீர்கிற விஷயமல்ல, உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.

பிறகு அறை. ஊறிப்போன தும்பு மெத்தையைக் காப்பாற்ற முடியாது, எறியுங்கள். புதியதற்கு மேல் றப்பர் சீற்றும், அதன்மேல் தினம் மாற்றுகிற பருத்தி விரிப்பும். தரைக்கு ஒரு லீற்றர் சுடுதண்ணீரில் நான்கு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்து ஊற்றி, அரை மணித்தியாலம் ஊறவிட்டு, தும்புத் தூரிகையால் உரசிக் கழுவுங்கள். மறுநாளும் அதேபோல. கட்டில் கால் நிற்கிற இடமும் சுவரின் அடிப்பக்கமும் தப்பக்கூடாது, கசிந்தது அங்கேதான் போய்த் தேங்கும். வினாகிரி ஊற்றச் சொல்வார்கள், வேண்டாம்; அது சீமெந்தை அரிக்கும். குளோரின் கலந்த பிளீச்சை அங்கே கொண்டுபோகவே கூடாது. சிறுநீரின் அமோனியாவோடு அது சேர்ந்தால் மூச்சை அடைக்கிற வாயு வரும், பக்கத்தில் படுத்திருப்பவர் உங்கள் அம்மா. தரை காயும்வரை இரண்டு நாளைக்கு அவரை முன் கூடத்துக்கு, எல்லோரும் புழங்குகிற இடத்துக்கு மாற்றுங்கள். யன்னல்களை அகலத் திறவுங்கள். சோளகம் வீசுகிற மாதங்களில் தென்மேற்கு யன்னலையும் எதிர்ப்பக்கத்து வாசலையும் ஒன்றாகத் திறந்தால் எந்த ஸ்பிறேயும் செய்யாததைக் காற்று செய்யும்.

பூச்சி உருண்டைகளை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அது பெரும்பாலும் நப்தலீன், சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இருக்கிற ஒரு குறைபாட்டால் அதன் ஆவிகூட இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். உடுப்புகளை வெயிலில் காயப்போட்டு, அலுமாரிக் கதவுகளை ஒரு கிழமை திறந்து வையுங்கள். ஸ்பிறே பட்ட திரைச்சீலைகளை ஒருதரம் துவைத்தால் போதாது, இரண்டுதரம்.

பாவிக்காத குளியலறையிலிருந்து கான் நாற்றம் வந்தால், தரை ஓட்டைக்குக் கீழுள்ள வளைவில் நிற்கவேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு வாளி ஊற்றினால் நிற்கும். குசினியில் விறகு எரிக்கிறீர்களென்றால், கரியைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவிக் காயவிட்ட பிறகே பெயின்ற் அடியுங்கள். கழுவாமல் அடித்தால் கொஞ்ச நாளில் மஞ்சள் கறை மேலே வரும், புகை மணமும் போகாது. அடிப்பதை, ஆட்கள் வருவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே முடியுங்கள். புதுப் பெயின்ற் மணமும் இழுப்புக்காரருக்கு ஆகாது.

வருகிற நாளுக்கு முதல்நாளே கருவாடும் மீன் பொரியலும் நிற்கட்டும், நுளம்புத்திரியும் வேண்டாம். சாமிக்கு விளக்கேற்றுங்கள், சாம்பிராணியை அவர்கள் போன பிறகு போடலாம். யாருக்காவது இழுப்போ ஒற்றைத் தலையிடியோ இருக்கிறதா என்று தொலைபேசியில் முன்கூட்டியே கேளுங்கள். வீட்டில் வயதான தாய் படுக்கையில் இருக்கிறார், அவரையும் பார்ப்பீர்கள் என்றும் அதே மூச்சில் சொல்லுங்கள். அதைக் கேட்டுவிட்டு வராதவர் வராமலே இருக்கட்டும்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இன்றைக்கு அம்மாவின் கட்டிலில் போய் இருந்து கேளுங்கள்: வீட்டை விற்க உங்களுக்குச் சம்மதமா, விற்றால் யாரோடு, எந்த ஊரில் இருக்க விருப்பம்? அவர் வேண்டாமென்றால் தரகருக்குச் சொல்லி விற்பனையை நிறுத்துங்கள். ஓமென்றால், அவர் இருக்கப்போகிற அறையை முதலில் ஒழுங்குசெய்துவிட்டு விலை பேசுங்கள்.