எலக்ட்ரிக்கல் படிப்பு பெண்ணுக்கு ஆகுமா? கருங்கல் பக்கத்துத் தாய்க்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மா,

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலை விரும்பிப் படிக்கும் மகள் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்தான் வேண்டும் என்கிறாள். அவளுடைய மாமாக்களோ, "நர்சிங்கில் சேர்த்துவிடு, வெளிநாடு போனால் குடும்பம் கரையேறும், பெண்பிள்ளைக்குக் கம்பத்தில் ஏறுகிற வேலையா?" என்கிறார்கள். யார் பக்கம் நிற்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மகள் பக்கம் நில்லுங்கள். மாமாக்களிடம் சொல்வதற்கு உங்கள் கையில் விவரம் வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நர்சிங்கை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எத்தனையோ ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாக மாறியது, வளைகுடாவிலும் பிரிட்டனிலும் இரவெல்லாம் கண்விழித்த நம் செவிலியர்களின் சம்பளத்தில்தான். அதில் மனம் இருக்கிற பெண் தாராளமாகப் படிக்கட்டும். உங்கள் மகளுக்கு அதில் மனம் இல்லை. நோயாளியின் அருகில் நிற்க வேண்டிய வேலையில் மனமில்லாதவளைத் தள்ளுவது இரு தரப்புக்கும் நல்லதல்ல.

"பாதுகாப்பான வேலை" என்று மாமாக்கள் சொல்வதைக் கேட்டதும் எனக்கு லலிதா நினைவுக்கு வந்தார். அய்யலசோமயாஜுல லலிதா 1919இல் சென்னையில் பிறந்தவர். பதினெட்டு வயதில் கணவரை இழந்தபோது அவர் கையில் நான்கு மாதக் குழந்தை. அந்தக் காலத்தில் படிக்க வரும் பெண்களுக்கு மருத்துவம்தான் தெரிந்த பாதை. அவர் அதை வேண்டாம் என்றார். மருத்துவரானால் நள்ளிரவில் அழைப்பு வரும், குழந்தையை விட்டுப் போக வேண்டும். பொறியாளர் வேலைக்கு நேரக்கணக்கு உண்டு என்பது அவர் சொன்ன காரணம். 1940இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் சேர்ந்து, இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர் ஆனார். பின்னாளில் கல்கத்தாவில் மின்கடத்தும் பாதைகளையும் துணைமின்நிலையங்களையும் வடிவமைத்தார். உங்கள் வீட்டு மாமாக்கள் போடுகிற அதே கணக்கைப் போட்டுத்தான் அவர் நேர்மாறான விடைக்கு வந்தார்.

அவருடைய கதையில் நான் பெற்றோருக்குச் சுட்டிக்காட்டும் இடம் வேறு. அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த தந்தை பாப்பு சுப்பாராவ்தான் மகளுக்காகப் பேசி இடம் வாங்கினார். குழந்தையை வளர்ப்பதில் சகோதரர் குடும்பம் கைகொடுத்தது. கல்லூரியில் அவர் தனித்துப்போகாதபடி வேறு பெண்களும் சேர்க்கப்பட்டார்கள். கேரளத்திலிருந்து லீலாம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் சிவில் பிரிவுக்கு வந்தார்கள். திரேசியா பிறகு கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். முன்னோடி என்று நாம் மாலை போடுகிற பெண்ணுக்குப் பின்னால் இப்படி நாலு பேர் நின்றிருப்பார்கள். மகளிர் தின மேடைகளில் அந்த நாலு பேரை யாரும் பேசுவதில்லை. கல்பனா சாவ்லா படத்தை மாட்டி, "நீயும் இப்படி வர வேண்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாரமே மாப்பிள்ளை பார்க்கிறோம்.

படத்தில் இருப்பவரிடம் பிள்ளை எதையும் கேட்க முடியாது. கேள்வி கேட்கக்கூடிய முன்மாதிரியே அவளுக்குத் தேவை. மகளை உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்துக்கோ துணைமின்நிலையத்துக்கோ அழைத்துச் செல்லுங்கள். பெண் உதவிப் பொறியாளர் இருந்தால் அவரிடமே பேசட்டும். முதல் சம்பளம் எவ்வளவு, இரவுப் பணி எத்தனை நாளுக்கு ஒருமுறை, வேலையிடத்தில் கழிப்பறை இருக்கிறதா, பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியபோது குழந்தையை யார் பார்த்தார்கள், யார் எதிர்த்தார்கள் என்று எல்லாவற்றையும் கேட்கட்டும். கம்பத்தில் ஏறுவது கம்பியாளர் வேலை, பொறியாளர் வேலை வேறு என்பது அங்கேயே தெளிந்துவிடும். மாமா ஒருவரையும் கூட்டிப்போனால் இன்னும் நல்லது.

வேலை எங்கே இருக்கிறது என்று கேட்டால், ஆரல்வாய்மொழி தாண்டும்போது பஸ் ஜன்னல் வழியே பாருங்கள். முப்பந்தல் காற்றாலைகள் நாட்டின் பெரிய காற்றாலைத் தொகுப்புகளில் ஒன்று. அவற்றின் பராமரிப்பு, கண்காணிப்பு, மின்கட்டமைப்போடு இணைப்பது எல்லாமே எலக்ட்ரிக்கல் படித்தவர்களின் களம். மாவட்ட எல்லையைத் தாண்டினால் கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம்.

மகேந்திரகிரி என்றதும் நம் ஊரில் கே. சிவனையும் வி. நாராயணனையும் சொல்வார்கள். சாதாரணக் குடும்பங்களிலிருந்து இஸ்ரோ தலைவர்களான நம் மாவட்டத்துக்காரர்கள், பெருமைதான். மகளுக்கு இன்னொரு பெயரையும் சொல்லுங்கள்: நிகர் ஷாஜி. செங்கோட்டையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து அங்கேயே அரசுப் பள்ளியில் படித்தவர். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் முடித்து, 1987இல் இஸ்ரோவில் சேர்ந்தார். 2023 செப்டம்பர் 2 அன்று சூரியனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் அவர்தான். உங்கள் மகள் சேரக்கூடிய அதே கல்லூரி; நாகர்கோவிலிலிருந்து சில மணி நேரப் பயணம்.

கடிதத்தில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: மகன் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி டிப்ளமோ படிக்கிறான். அவனை அனுப்பும்போது விடுதி எப்படி என்று மாமாக்கள் யாராவது கேட்டார்களா? மகள் விஷயத்தில் கேட்கிறார்கள். கேட்பது தவறில்லை, ஆனால் கேள்வி "அனுப்பலாமா" என்று இருக்கக் கூடாது, "எந்த விடுதி" என்று இருக்க வேண்டும். அந்தத் துறையில் பெண்கள் எத்தனை பேர், விடுதி வளாகத்துக்குள் இருக்கிறதா, புகார்க் குழு பெயரளவில் இல்லாமல் செயல்படுகிறதா என்று கல்லூரியில் நேரடியாக விசாரியுங்கள். சீருக்கென்று சேர்த்த பவுனைப் பற்றியும் குறிப்பிட்டிருந்தீர்கள். இந்த மாவட்டத்தில் அதைப் பேசினால் பகை வரும் என்று தெரிந்தே சொல்கிறேன்: தேவைப்பட்டால் அதிலிருந்து படிப்புக்கு எடுங்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டியும் வராது. அவள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால், பொறியியல் கலந்தாய்வில் 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்குக்கே வரும். வேறு உதவித்தொகை பெற்றாலும் இது தடைபடாது. தொழில்நுட்பம் படிக்கும் பெண்களுக்கு மத்திய அரசின் பிரகதி உதவித்தொகையும் இருக்கிறது: ஆண்டுக்கு 50,000 ரூபாய், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அதன் நிபந்தனைகளைப் படித்துப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

கலந்தாய்வுக்கான கட்ஆஃப் மதிப்பெண் 200க்குக் கணக்கிடப்படும்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. இயற்பியலில் கெட்டிக்காரி என்று கணிதத்தில் அசந்துவிட வேண்டாம். பாதி எடை அங்கேதான். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்று எழுதியிருப்பதால், முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வையுங்கள். மகன் படிப்பது டிப்ளமோ என்பதால் அது குறுக்கே வராது. வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆறாம் வகுப்பிலிருந்து படித்ததற்குப் பள்ளி தரும் சான்று ஆகியவற்றைத் தேர்வு முடிவுக்கு முன்பே தயார் செய்துவிடுங்கள். முடிவு வந்த பிறகு தாலுகா அலுவலகத்தில் கூட்டம் தாங்காது.