சீருடையைக் கழற்றியதும் மாத்திரைக்குப் பில்

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயது. அமெரிக்க ராணுவத்தில் ஆறு வருடம் இருந்துவிட்டு, இப்போது டெக்சஸில் அப்பா அம்மாவோடு தங்கிப் படிக்கிறேன். பணியால் வந்த முழங்கால் பாதிப்புக்கு 30 சதவீத ஊன மதிப்பீடு கொடுத்திருக்கிறார்கள். பணியில் இருந்தபோது மாதவிலக்கில் ரத்தப்போக்கும் வலியும் தாங்க முடியாமல் போக, ராணுவ டாக்டர்தான் கருத்தடை மாத்திரையைத் தொடங்கினார். அப்போது ஒரு சென்ட் கேட்டதில்லை. இப்போது முன்னாள் படைவீரர் துறையான வி.ஏ. மூன்று மாதத்துக்கு 24 டாலர் பில் அனுப்புகிறது. ஆபீஸ் வேலைக்குப் போகும் என் தங்கைக்கு இதே மாத்திரை இலவசம். இது யாருடைய தவறு? பில்லைப் பார்த்துவிட்டு, "கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு எதற்கு இது?" என்று அம்மா வேறு கேட்கிறார்.
- பெயர் வேண்டாம்

பதில்: பில் போட்டவர் தவறு செய்யவில்லை. சட்டமே அப்படித்தான் இருக்கிறது.

உங்கள் தங்கைக்கு இலவசமாகக் கிடைப்பது 2010-இல் ஒபாமா கையெழுத்திட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தால். டாக்டர் எழுதிக் கொடுக்கும் கருத்தடை மருந்துக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணம் கேட்கக்கூடாது என்ற விதி 2012-இல் நடைமுறைக்கு வந்தது. வி.ஏ. காப்பீட்டு நிறுவனம் அல்ல, அரசே நடத்தும் மருத்துவமனை அமைப்பு. அதனால் அந்த விதி அதைத் தொடாது. அதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது: பணியால் வராத நோய்க்கு மருந்து கொடுத்தால், 30 நாள் மருந்துக்கு இவ்வளவு என்று வாங்கவேண்டும். உங்கள் 24 டாலர், மாதம் 8 வீதம் மூன்று மாதக் கணக்கு. வருடத்துக்கு ஏறத்தாழ நூறு டாலர், படிக்கிற பெண்ணுக்கு அது சின்னத் தொகை இல்லை.

இதைச் சரிசெய்யப் பார்த்தார்கள். கலிஃபோர்னியா உறுப்பினர் ஜூலியா பிரவுன்லி கொண்டுவந்த மசோதா, வி.ஏ.விலும் கருத்தடை மருந்துக்குக் கட்டணம் கூடாது என்றது. 2021 ஜூன் 24 அன்று பிரதிநிதிகள் சபையில் 245-181 என்ற கணக்கில் நிறைவேறியது. அப்புறம் செனட் என்ற மேலவையில் போய்ப் படுத்துக்கொண்டது. 2023 ஜனவரியில் அந்த நாடாளுமன்றத்தின் காலம் முடிந்தபோது மசோதாவும் காலாவதியானது. ஒரு மருந்துக்கு மட்டும் விலக்குக் கொடுப்பது ஒன்றும் புதிதல்ல என்பதுதான் எனக்குக் கோபம். போதை மருந்து அளவு மீறினால் உயிர் காக்கும் நலாக்ஸோனுக்கு, ஆபத்தில் இருக்கும் வீரர்களிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்று 2016-இல் இதே சட்டப்பிரிவில்தான் ஒரு வரி சேர்த்தார்கள். பெண்களுக்காக இன்னொரு வரி எழுதத்தான் கை வரவில்லை.

சரி, செனட் எழுந்திருக்கும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே ஒரு வழி இருக்கிறது. மாத்திரையைத் தொடங்கியது ராணுவ டாக்டர், அதுவும் நோய்க்காக. அந்த ரத்தப்போக்கும் வலியும் பணிக்காலத்தில் வந்தவை என்று வி.ஏ. ஏற்றுக்கொண்டால், அதற்கான மருந்துக்குக் கட்டணமே கிடையாது. முழங்காலுக்கு மனுப் போட்டீர்கள், இதற்குப் போடவில்லை. நம் பெண்கள் பலரும் முழங்கால் வலியை ஊரறியச் சொல்வார்கள், இதைச் சொல்ல மாட்டார்கள்.

முதலில், மனுச் செய்யும் எண்ணம் இருக்கிறது என்று வி.ஏ.வுக்கு ஒரு படிவம் கொடுத்துவிடுங்கள். அதைக் கொடுத்த நாளிலிருந்து முழு மனுவைத் தர ஒரு வருடம் கிடைக்கும். மனு ஏற்கப்பட்டால் பலனையும் பெரும்பாலும் அந்த நாளிலிருந்தே கணக்கிடுவார்கள். பிறகு ராணுவ மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்கி, அந்த டாக்டர் எழுதிய குறிப்பைத் தேடி எடுங்கள். இப்போது பார்க்கும் டாக்டரிடம் மாத்திரை எதற்காக என்பதைப் பதிவில் எழுதச் சொல்லுங்கள். வெறுமனே "கருத்தடை" என்று இருந்தால் உங்கள் வழக்கு பலமிழக்கும். மனு எழுத உங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், முன்னாள் படைவீரர்களுக்கான அலுவலர் இருப்பார். காசு வாங்காமல் உதவுவார்.

சதவீதக் கணக்கில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். மொத்தம் 50 சதவீதம் ஆனால் எல்லா மருந்தும் இலவசம் என்பது உண்மை. தொடர்ந்து மருந்து சாப்பிட்டுக் கட்டுக்குள் இருக்கும் நோய்க்குப் பொதுவாகக் கொடுப்பது 10. ஆனால் வி.ஏ. கணக்கில் 30-ம் 10-ம் நேராகக் கூட்டப்படாது. முதல் 30 போக மீதி 70-இல் 10 சதவீதம், அதாவது 7. ஆக 37, அதை 40 ஆக்குவார்கள். ஐம்பதுக்கு எட்டாது. ஆனாலும் இந்த மாத்திரைக்கான பில் நின்றுவிடும்.

இடையில் வருமானம் குறைவு என்றால் அதற்கும் விலக்கு உண்டு, மாணவியாகிவிட்டதைச் சொல்லி விவரத்தைப் புதுப்பியுங்கள். வந்த பில்லைக் கட்டாமல் போட்டுவைக்காதீர்கள், கடனாக வசூலுக்குப் போய்விடும். பில்லுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

உங்கள் மாநிலத்தின் செனட்டர்கள் இருவருக்கும் ஒரு கடிதம் எழுதலாம், பில்லின் நகலோடு.

அம்மாவிடம் "கருத்தடை" என்ற பெயரிலிருந்து தொடங்காதீர்கள். எத்தனை நாள் ரத்தம் போனது, எந்த டாக்டர் என்ன சொன்னார் என்பதிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாடு என்று நம் பாட்டிமார் சொன்ன கஷ்டம் அவருக்கும் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகும் கல்யாணப் பேச்சை எடுத்தால், மருந்துத் தபாலை நீங்களே வாங்கிப் பிரியுங்கள்.