கமிஷன் பூஜ்யம், கையில் என்ன? (கேள்வி-பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெங்களூரில் வீட்டிலிருந்தே பார்சல் கட்டி ஆன்லைனில் விற்பவர்களுடையவை. எந்தத் தளம் என்ற விவரத்தை வெட்டிவிட்டேன். பதில் பெரும்பாலும் எல்லாத் தளத்துக்கும் ஒன்றுதான்.

499 ரூபாய்க்கு நைட்டி விற்கிறேன். 12 சதவீதம் கமிஷன் என்றுதான் சொன்னார்கள். கணக்கில் ஏறியது 307 ரூபாய் 46 காசு. மீதி எங்கே போனது? (சிவாஜிநகர்)

நீங்கள் அனுப்பிய செட்டில்மென்ட் தாளிலேயே இருக்கிறது. கமிஷன் 59.88. நிலையான கட்டணம் 30. ஷிப்பிங் 70. மூன்றும் சேர்ந்து 159.88. இந்த மூன்றின் மேலும் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 28.78. அடுத்து டிசிஎஸ், அதாவது தளம் உங்களிடம் பிடித்து உங்கள் பெயரில் அரசுக்குக் கட்டும் ஜிஎஸ்டி: உங்கள் விலைக்குள் அடங்கிய 5 சதவீத ஜிஎஸ்டியைக் கழித்த 475.24க்கு அரை சதவீதம், 2.38. கடைசியாக வருமான வரி டிடிஎஸ் 0.1 சதவீதம், 50 காசு. கழித்துப் பாருங்கள், 307.46 வரும்.

இதில் எது செலவு, எது திரும்பி வரும் பணம் என்று பிரிக்கத் தெரிய வேண்டும். 28.78 உங்களுக்கு இன்புட், அதாவது ஏற்கெனவே கட்டிவிட்ட ஜிஎஸ்டி. நைட்டிக்கு நீங்கள் கட்ட வேண்டிய 23.76க்கு அதை ஈடு செய்துகொள்ளலாம். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கும் ஜிஎஸ்டி எண் இல்லாதவர்களுக்கும் அது கிடையாது, சுத்தச் செலவு. டிசிஎஸ் 2024 ஜூலை 10 முதல் அரை சதவீதம், அதற்கு முன் ஒன்று. அது ஜிஎஸ்டி போர்ட்டலில் உங்கள் பெயரில் வந்து நிற்கும். அதை ஏற்று, அங்கேயே தாக்கல் செய்தால்தான் உங்கள் ரொக்கக் கணக்கில் ஏறும். பலர் ஆண்டுக்கணக்கில் இதைத் தொடுவதே இல்லை. டிடிஎஸ் வருமான வரிக் கணக்கில் கழியும். அதுவும் 2024 அக்டோபர் 1-க்கு முன் ஒரு சதவீதமாக இருந்தது.

ஆக உண்மையான செலவு 159.88. 475.24-இல் அது போனால் 315.36. சிக்பேட்டையில் வரியைச் சேர்க்காமல் 210க்கு வாங்கி, கவருக்கும் லேபிளுக்கும் 8 ரூபாய் போட்டால் நிற்பது 97 ரூபாய். எட்டில் ஒன்று ரிட்டர்ன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு ரிட்டர்னுக்குப் போக 70, வர 80, பாழாய்ப்போன கவர் 8. அந்த 158 ரூபாயை விற்ற ஏழு நைட்டியும் சுமக்க வேண்டும், ஆளுக்கு 22.57. கையில் 75 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. கமிஷன் ஒரு சதவீதம் ஏறினால் 5 ரூபாய்தான் போகும். ரிட்டர்ன் எட்டில் ஒன்றிலிருந்து நாலில் ஒன்றானால் 30 ரூபாய் போய்விடும். கமிஷனைப் பற்றி நான்கு பக்கம் எழுதியவர் சைஸ் சார்ட்டை இன்னும் போடவில்லை. மார்பு, நீளம் இரண்டையும் அங்குலத்தில், நைட்டியை விரித்து வைத்து டேப்போடு எடுத்த படத்துடன் இன்றே போடுங்கள்.

கைத்துண்டு செட் 320 ரூபாய். 300க்குக் கீழே போனால் கமிஷனே இல்லையாம். இறக்கலாமா? (அல்சூர்)

இறக்குங்கள். உங்கள் கமிஷன் 10 சதவீதம் என்றால் 320-இல் 32 போய் 288. 299-இல் முழு 299. ஜிஎஸ்டியும் ஒரு ரூபாய் குறையும். விலையை 21 ரூபாய் இறக்கி 12 ரூபாய் கூடுதலாக எடுக்கிறீர்கள். 300க்கு மேல் போய் அதே லாபம் பார்க்க 334 வரை ஏற வேண்டும். நடுவில் இருப்பது குழி, அங்கே விலை வைக்காதீர்கள்.

ஆனால் இதை நம்பிக் கடை வைக்க வேண்டாம். மீஷோ 2021-இல் கமிஷனை நீக்கியது. அமேசான் 2025 ஏப்ரல் 7 முதல் 135 பிரிவுகளில் 300 ரூபாய்க்குக் கீழே நீக்கியது. ஃபிளிப்கார்ட் 2025 நவம்பரில் 1000 ரூபாய்க்குக் கீழே கமிஷன் இல்லை என்று அறிவித்தது. போட்டிக்காகக் கொடுத்தது போட்டி தணிந்தால் போகும். நீக்கியது கமிஷனை மட்டும். ஷிப்பிங்கும் நிலையான கட்டணமும் வேறு வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. மாதம் பிறந்ததும் கட்டண அட்டையை இறக்கிச் சேமித்து, போன மாதத்து அட்டையோடு ஒட்டிப் பாருங்கள்.

வீட்டில் பருப்புப் பொடி, இட்லிப் பொடி செய்கிறேன். ஜிஎஸ்டி எண் இல்லாமலே ஆன்லைனில் விற்கலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையா? எனக்கு ஓசூரிலிருந்துதான் ஆர்டர் அதிகம். (விவேக் நகர்)

பாதி உண்மை. 2023 அக்டோபர் 1 முதல், ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகும் ஆண்டு விற்பனை வரம்புக்குக் கீழே விற்பவர் பொருள்களைத் தளத்தின் வழியே எண் இல்லாமல் விற்கலாம். போர்ட்டலில் பான் கொடுத்து ஒரு பதிவெண் மட்டும் வாங்க வேண்டும். ஒரு மாநிலத்தில்தான் வாங்க முடியும், அந்த மாநிலத்துக்குள்தான் விற்கவும் முடியும். அத்திப்பள்ளி தாண்டினால் தமிழ்நாடு. ஆக உங்கள் ஓசூர் அக்காவுக்கு இந்த வழியில் ஒரு டப்பா கூடப் போகாது. ஓசூர் ஆர்டர்தான் பிழைப்பு என்றால் ஜிஎஸ்டி எண்ணை வாங்கிவிடுங்கள். உணவுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு தனி, அது எந்த மாநிலத்துக்கு விற்றாலும் வேண்டும்.

400 கிராம் அப்பளத்துக்கு 2 கிலோ ஷிப்பிங் போட்டிருக்கிறார்கள். பகல் கொள்ளை! (ஸ்ரீராமபுரம்)

கொள்ளை இல்லை, உங்கள் பெட்டி. கூரியர்காரர் எடையையும் பார்ப்பார், அடைக்கும் இடத்தையும் பார்ப்பார். நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் கன அளவு எடை. உங்கள் 30, 25, 12 பெட்டிக்கு 1.8 கிலோ. அரை கிலோ படிகளாக ஏற்றிப் போடுவதால் 2. அதே அப்பளத்தை 24, 18, 8 பெட்டியில் வைத்தால் 0.69, கட்டணம் 1 கிலோவுக்கு. கட்டியதும் பெட்டியைத் தராசில் வைத்து ஒரு படம், மூன்று பக்கமும் டேப் வைத்து ஒரு படம். தகராறு வந்தால் அதுதான் சாட்சி. தராசைக் கொஞ்சம் நல்லதாக வாங்குங்கள். நான் மலிவாக வாங்கிய ஒன்று 510 கிராமை 480 என்று காட்டும். அரை கிலோ எல்லையில் அந்த 30 கிராம்தான் ஆளைக் கவிழ்க்கும்.

லேபிள் பிரின்டர் எது வாங்கலாம்?

4-க்கு 6 அங்குல லேபிள் அடிக்கும் தெர்மல் பிரின்டர். 80 மில்லிமீட்டர் பில் பிரின்டர் வேண்டாம். என்னுடையது அலமாரியில் தூங்குகிறது.

பழைய நாணயங்களை வெளிநாட்டுக்கு விற்கிறேன். நாணயம் போய்ச் சேர்ந்ததும், பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லாவிட்டால் மோசமான ரேட்டிங் என்கிறார் ஒருவர். ஈபே மாதிரித் தளத்தில் நானும் அவருக்கு மைனஸ் போட முடியாதா? (ஃப்ரேசர் டவுன்)

முடியாது. 2008 மே மாதத்திலிருந்தே முடியாது. இந்த விஷயத்தில் எனக்குத் தீராத கோபம் உண்டு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈபேயில் முதலில் இரு பக்கமும் மதிப்பெண் போட்டார்கள். வாங்கியவர் மோசம் என்று எழுதினால், விற்றவரும் பழிக்குப் பழியாக அவருக்கு மோசம் என்று எழுதினார். பயந்து பலர் உண்மையை எழுதவில்லை. அது நிஜமான கோளாறுதான். அதற்குச் செய்த வைத்தியம், விற்பவர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கியது. நல்லது சொல்லலாம், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொள்ளலாம். அதே ஆண்டு பட்டியல் கட்டணத்தைக் குறைத்து, விற்ற பிறகு எடுக்கும் பங்கை ஏற்றினார்கள். விற்பவர்கள் பிப்ரவரியில் ஒரு வாரம் கடையடைப்புக் கூடச் செய்து பார்த்தார்கள். அதன் பிறகு வந்த தளங்கள் பலவும் வாங்குபவரைக் கை நீட்டிக் காட்ட விற்பவருக்கு இடம் வைக்கவில்லை.

சிறிய கடைக்கு இது ஏன் வலிக்கிறது? கணக்குப் போடுங்கள். 12 பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்த கடைக்கு ஒருவர் ஒன்று கொடுத்தால் சராசரி 4.69. 4.8-க்குத் திரும்ப இன்னும் 7 பேர் ஐந்து கொடுக்க வேண்டும். இரண்டாவது ஆளும் ஒன்று கொடுத்தால் 7 போதாது, 26 பேர் வேண்டும். ஆயிரம் ரேட்டிங் உள்ள பெரிய கடைக்கு அதே இருவர் கொசுக்கடி. அமேசானில் குறையுள்ள ஆர்டர் விகிதம் 60 நாள் கணக்கில் 1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டு மாதத்தில் 40 ஆர்டர் செய்பவருக்கு ஒரே ஒரு ஒற்றை நட்சத்திரம் 2.5 சதவீதம். நூறு ஆர்டர் கூட இல்லாதவருக்கு அந்த விதியில் தவறவே இடமில்லை. எல்லாருக்கும் ஒரே அளவுகோல் என்பார்கள். யானைக்கும் எறும்புக்கும் ஒரே செருப்பு.

இனி உங்கள் விஷயம். பணம் கொடுக்காதீர்கள். மிரட்டலைத் தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே எழுத வையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தால், 'நீங்கள் கேட்டபடி பாதித் தொகையைத் திருப்பினால்தான் நல்ல ரேட்டிங் என்கிறீர்களா?' என்று செய்திப் பெட்டியில் கேளுங்கள். ரேட்டிங்கைக் காட்டிப் பணம் பறிப்பதை ஈபே விதி தடுக்கிறது. அந்தச் செய்தியோடு புகார் கொடுத்தால் ரேட்டிங்கை எடுக்க வழி உண்டு. வேறு தளங்களில் இன்னொரு வழி: பொருளைப் பற்றிய குறையைக் கடைக்கான மதிப்பெண்ணில் எழுதியிருந்தால் நீக்கக் கேளுங்கள். 'கலர் பிடிக்கவில்லை' என்பது கடையின் குற்றமல்ல.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. உங்கள் பட்டியலில் 1862 விக்டோரியா ரூபாய் இருக்கிறது. இன்றே எடுங்கள்.

50 ஐந்து நட்சத்திர விமர்சனம் 4,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார் ஒருவர். வாங்கலாமா?

வேண்டாம். விற்பவர் வாடிக்கையாளர் வேஷம் போட்டு விமர்சனம் எழுதுவதை 2020 மின்வணிக விதிகள் தடுக்கின்றன. கண்டுபிடித்தால் கடை முடங்கும், 4,000 திரும்பாது.

மிக்ஸி ஜார் விற்றேன். ரிட்டர்ன் வந்த பெட்டியில் ஓட்டைப் பழைய ஜார். க்ளெய்ம் தள்ளுபடி. (மர்பி டவுன்)

அநியாயம்தான். வீடியோ நடுவில் வெட்டுப்பட்டிருப்பதால் தள்ளினார்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அடுத்த முறை இப்படி: டெலிவரி ஆள் நிற்கும்போதே டேப் கிழிந்திருக்கிறதா பாருங்கள், கிழிந்திருந்தால் ரசீதில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிறகு ஒரே ஷாட்டில் வீடியோ, நிறுத்தக் கூடாது. முதலில் லேபிளில் உள்ள டிராக்கிங் எண், பெட்டியின் ஆறு பக்கம், தராசில் எடை, அதன் பிறகு கத்தி. ஜாரின் அடியில் உள்ள சீரியல் எண்ணை அனுப்பும்போதே படம் எடுத்திருந்தால் வந்ததோடு ஒட்டிக் காட்டலாம். க்ளெய்முக்குக் கெடு நாள்கணக்கில்தான். ரிட்டர்ன் மூட்டையை ஞாயிற்றுக்கிழமை பிரித்துக்கொள்ளலாம் என்று அடுக்கி வைக்காதீர்கள். இந்த ஜாருக்கு மறுபடி முறையிடுங்கள், இந்த முறை அனுப்பிய எடையையும் வந்த எடையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு. தளத்தின் குறைதீர் அதிகாரிக்கும் நகல் அனுப்புங்கள்.

4.9 ரேட்டிங் பார்த்துத்தான் ஹெட்போன் வாங்கினேன். ஒரு காது பேசவில்லை. ஏமாந்துவிட்டேன்! (ஒயிட்ஃபீல்டு)

எத்தனை பேர் போட்ட 4.9? நீங்களே அனுப்பிய படத்தில் 11 என்று இருக்கிறது. ரிட்டர்ன் கெடு 7 நாள், நீங்கள் பெட்டியைத் திறந்தது 19-ஆம் நாள். விற்றவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வாரண்டி அட்டை இருந்தால் தயாரித்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். பில் வேண்டும், அதையாவது வைத்திருக்கிறீர்களா?

பணம் கட்டும் கடைசித் திரையில் திடீரென்று ஒரு 'தளக் கட்டணம்' ஏறுகிறது. கேட்க ஆளில்லையா?

உண்டு. முதலில் காட்டாத கட்டணத்தைக் கடைசியில் ஏற்றுவது மத்திய அரசின் 2023 நவம்பர் வழிகாட்டுதல்கள் பட்டியலிட்ட 13 ஏமாற்று உத்திகளில் ஒன்று. முதல் திரையையும் கடைசித் திரையையும் படம் எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள். இரண்டு படமும் வேண்டும். கடைசிப் படம் மட்டும் அனுப்பினால், முதலிலேயே காட்டினோம் என்று பதில் வரும்.