பேரலில் 7.62 என்று இருக்கிறதே, சுடலாமா?

கேள்வி: ஐயா, என்னிடம் 1916 மாடல் ஸ்பானிஷ் மவுசர் ரைஃபிள் ஒன்று இருக்கிறது. முதலில் 7×57 தோட்டாவுக்குச் செய்தது, பிற்பாடு 7.62 நேட்டோ ராணுவத் தோட்டாவுக்கு மாற்றியிருக்கிறார்கள். டயரில் கட்டி, தூரத்தில் நின்று கயிற்றால் விசையை இழுத்து, கடையில் வாங்கிய, ஏறத்தாழ அதே உருவமுள்ள .308 வின்செஸ்டர் தோட்டா ஐந்தைச் சுட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. இனித் தோளில் வைத்துச் சுடலாம்தானே?

பதில்: வேண்டாம். பத்திரிகை கைக்கு வரும்வரை காத்திருக்க மனம் வராமல் உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன்.

டயரில் கட்டிச் சுட்டதில் தெரிந்தது ஒன்றுதான்: அந்த ஐந்து முறை உடையவில்லை. இந்த வகை மவுசர் பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் வெடிப்பதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் உருளைதான் போல்ட். அதன் முனையில் பூட்டும் காதுகள்போல் உள்ள இரண்டு லக்குகளும் ஒவ்வொரு சூட்டிலும், போல்ட்டைத் தாங்கும் கூடான ரிசீவரின் உட்சுவரில் மோதுகின்றன. அந்தக் காலத்து எஃகு மேல்தோலில் கடினம், உள்ளே மென்மை. அழுத்தம் கூடினால் லக் உட்காரும் இடம் குழிந்துகொண்டே போகும். குழிந்த அளவுக்குத் தோட்டாவுக்குப் பின்னால் இடைவெளி கூடும்.

இதே மாடலை ஒருவர் என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். போல்ட்டைத் தூக்கினால் பிடிக்கிறது, எண்ணெய் போட்டுக் கொடுங்கள் என்றார். முனை வளைந்த ஊசியை உள்ளே விட்டு லக் உட்காரும் இடத்தில் இழுத்தேன். பாதியில் டக்கென்று ஒரு படி இறங்கியது. சுட்ட காலிக் கூடுகள் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிப் பார்த்தேன். அடியிலிருந்து சற்று மேலே, சுற்றிலும் முடிபோல ஒரு வெளிர் கோடு. பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் வளைத்து, கூட்டுக்குள் சுவரை ஒட்டி மேலே இழுத்தால் கோடு இருக்கும் இடத்தில் சிக்கி நின்றது. பித்தளை உள்ளே பாதி அறுந்திருந்தது. முழுதாக அறுந்தால் வெந்த வாயு பின்னால் பாயும். அங்கே இருப்பது உங்கள் கண்.

உங்கள் காலிக் கூடுகள் ஐந்தையும் இன்றே இப்படிப் பாருங்கள். சிக்கவில்லை என்றாலும் அதைச் சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அழுத்தக் கணக்குக்கு வருவோம். அமெரிக்கத் தர அளவில் 7×57 தோட்டாவின் உச்சம் 51,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), .308 வின்செஸ்டருக்கு 62,000. நேட்டோ தோட்டா 50,000தான், அதனால் அது சாது என்று பலர் சொல்வார்கள். அந்த 50,000 பழைய முறையில், செப்பு உருளை நசுங்கும் அளவை வைத்துக் கணக்கிட்டது. படியில் அளந்ததைத் தராசில் நிறுத்ததோடு ஒப்பிடுவது போன்ற பேச்சு அது. இரண்டு தோட்டாவும் ஏறத்தாழ ஒரே பலம்.

வித்தியாசம் ஹெட்ஸ்பேஸில் இருக்கிறது; அதாவது, பூட்டிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் தோள் உட்காரும் இடத்துக்கும் உள்ள நீளத்தில். அந்த நீளத்தின் உச்ச எல்லையைப் பார்க்கும் அளவுக்கட்டைதான் ஃபீல்டு கேஜ். ராணுவ 7.62 ரைஃபிள் 1.645 அங்குல ஃபீல்டு கேஜ் வரை தேறிவிடும்; .308க்கு அந்த எல்லை 1.638தான். ராணுவக் கூடு பொதுவாகத் தடிப்பானது, அந்த இடைவெளியைத் தாங்கும். கடைத் தோட்டாவின் மெல்லிய கூடு இழுபட்டு அறும்.

சரி, என்ன செய்யலாம்? நல்ல துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து லக், ரிசீவர், ஹெட்ஸ்பேஸ் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கேஜ் வைக்கும்போது போல்டின் உள்பாகங்களைக் கழற்றிவிட்டு விரல் பாரத்தில்தான் மூட வேண்டும்; அழுத்தி மூடினால் அளவு தப்பாகிவிடும். எல்லாம் சரியாக வந்தாலும், என்னுடையதாக இருந்தால் முழுபலத் தோட்டாவை அதில் போடவே மாட்டேன். 1893 மாடலின் அதே இரட்டை லக் அமைப்பு இது. பின்னால் வந்த 1898 மாடலில் (சுருக்கமாக 98) உள்ள மூன்றாவது லக்கும், வாயுவைத் திருப்பிவிடும் துளைகளும், போல்ட்டின் பின்னால் உள்ள அகன்ற விளிம்பும் இதில் கிடையாது.

கேள்வி: இஸ்ரேல் ராணுவம் 7.62க்கு மாற்றிய கே98 எப்படி?

பதில்: அது 98 மவுசர், புதிய பேரல் போட்டு மாற்றியது. நல்ல அடித்தளம். போல்ட் வேறொரு துப்பாக்கியிலிருந்து வந்ததா என்று அதன் வரிசை எண்ணைப் பாருங்கள், ஹெட்ஸ்பேஸ் அளக்காமல் சுடாதீர்கள்.

சேம்பருக்குள், அதாவது தோட்டா உட்காரும் அறைக்குள், குழாய்த்துண்டு செருகி மாற்றியவைதான் எனக்குப் பயம். அமெரிக்கக் கடற்படை காரண்ட் ரைஃபிள்களை அப்படித்தான் 7.62க்கு மாற்றியது. சில துண்டுகள் கழன்று வந்ததால் அப்புறம் புதிய பேரல்களே போட்டார்கள்.

கேள்வி: இஷாப்பூரில் செய்த 2ஏ1 ரைஃபிள், பழைய .303 ரைஃபிளை மாற்றியதுதானே?

பதில்: இல்லை. 1960களில் 7.62க்கென்றே, மேம்பட்ட எஃகில் புதிதாகச் செய்தது. அதைப் பார்த்துவிட்டு, யாரோ பேரல் மாற்றிய முதல் உலகப்போர் காலத்து .303ஐ நம்பி வாங்காதீர்கள். ரிசீவர் பழைய எஃகுதான். 2ஏ1ஐயும் ராணுவ அளவில் செய்த தோட்டாவோடு வைத்துக்கொள்ளுங்கள், கண்ணாடி அணிந்து சுடுங்கள், ஒவ்வொரு பெட்டித் தோட்டாவுக்கும் இரண்டு காலிக் கூட்டையாவது கிளிப் விட்டுப் பாருங்கள்.