தலைவலியை மறைக்கலாம், நடையை மறைக்க முடியாது

கேள்வி: எனக்கு 46 வயது, கணவருக்கு 51. அக்டோபரில் நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் இருவரும் பதினெட்டு நாள் முதுகுப்பையோடு நடக்கப்போகிறோம். ஆறு மாதமாக விடியற்காலையில் காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை பையோடு நடந்து பழகுகிறோம். அவர் பிபி மாத்திரை எடுக்கிறார். கொப்புளம், முட்டிவலி, முகவீக்கம், தூக்கத்தில் மூச்சு நிற்பது என்று நெட்டில் படிக்கப் படிக்கப் பயமாக இருக்கிறது. கற்பூரம், ஆக்சிஜன் கேன், டயமாக்ஸ், டெக்ஸாமெத்தசோன், ஆக்சிமீட்டர் எல்லாம் வாங்கிவிட்டோம். இது போதுமா? இவர் எந்த வலியையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். போன மாதம் குதிகாலில் ரத்தம் வந்தும் சொல்லாமல் வீடுவரை நடந்தார்.
வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: உங்கள் கடைசி இரண்டு வரிகளுக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். பக்கத்தில் படுத்திருப்பவருக்கு ஏதோ ஆகி, அது உங்களுக்குத் தெரியாமலே போய்விடுமோ என்பதுதானே பயம்? அதற்கு வழி இருக்கிறது. அவர் வாய் திறக்கவே வேண்டியதில்லை.

நீங்கள் கடக்கப்போகும் தோரோங் லா கணவாய் 5,416 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அவ்வளவே. அதற்குப் பழக உடம்புக்கு நாட்கள் வேண்டும். பழகும்வரை தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை எல்லாம் வரும். பலருக்கும் வரும், அதே உயரத்தில் தங்கினால் ஓரிரு நாளில் அடங்கும். அடங்காமல் இருக்கும்போது மேலும் ஏறினால் சிலருக்கு மூளை வீங்கத் தொடங்கும். இது அரிதுதான். ஆனால் ஒரே நாளில் உயிரை வாங்கிவிடும்.

மூளை வீங்கும்போது சீக்கிரமே தடுமாறுவது சிறுமூளை, அதாவது நம்மை நிதானமாக நிற்கவும் நடக்கவும் வைக்கும் பகுதி. அதனால் நடை தள்ளாடும். பல வருடம் முன்பு கயிலாய யாத்திரை போய்வந்த ஒருவரின் மனைவி என் எதிரில் உட்கார்ந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "குடிச்ச மாதிரி நடந்தாரு டாக்டர், அசதின்னு நெனச்சேன்." உடன் வந்த உள்ளூர்க்காரர் அந்த நடையைப் பார்த்ததும் இருட்டென்றும் பாராமல் குதிரையில் ஏற்றிக் கீழே கொண்டுவந்திருக்கிறார். அதனால்தான் அவர் பிழைத்தார்.

நீங்கள் செய்யவேண்டியது இதுதான். தினமும் சாயங்காலம் தங்கும் இடம் வந்து, பையை இறக்கி, கொஞ்சம் இளைப்பாறியபின் மண்ணில் குச்சியால் நேர்கோடு ஒன்று கிழியுங்கள். ஒரு காலின் குதிகால் மறுகாலின் கட்டைவிரலைத் தொடும்படி அந்தக் கோட்டின்மேல் பத்து அடி போய், திரும்பி வர வேண்டும். கோட்டைவிட்டு விலகினாலோ, விழப்போய் எதையாவது பிடித்தாலோ, அது மூளைவீக்கம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குளிர், பசி, செருப்பு வழுக்கியது என்று காரணம் தேடாதீர்கள். இன்று ராத்திரியே உங்கள் ஹாலில் டைல்ஸ் இணைப்புக் கோட்டில் இருவரும் நடந்து பாருங்கள். இங்கே எப்படி நடக்கிறார் என்று தெரிந்தால்தான் அங்கே வித்தியாசம் தெரியும்.

அவரை மட்டும் நடக்கச் சொல்லாதீர்கள். இருவரும் நடங்கள், ஒருவரை ஒருவர் பாருங்கள். அவரைச் சந்தேகப்படுவதாகத் தோன்றிவிட்டால் இரண்டாம் நாளே "போதும்பா இந்த வேலை" என்பார். இன்னொன்று, நோய் உங்களுக்கும் வரலாம். இந்த நோயில் பாதிக்கப்பட்டவரின் புத்தியும் மங்கும். "எனக்கு ஒண்ணுமில்ல" என்று அவர் சொன்னால், அப்போது அவர் பொய் சொல்கிறார் என்றுகூட அர்த்தமில்லை. அவருக்கே தெரியாது. அதனால்தான் துணை வேண்டும்.

நடை தள்ளாடினால் உடனே கீழே இறங்க வேண்டும். மழையோ ராத்திரியோ பார்க்காமல், குறைந்தது 300 மீட்டர், முடிந்தால் 1,000 மீட்டர், நடை தெளியும்வரை. "தூங்கட்டும், காலையில பாத்துக்கலாம்" என்ற பேச்சு கூடவே கூடாது. நோயாளியைத் தனியே இறக்கி அனுப்பிவிட்டு மற்றவர் கணவாயைத் தாண்டுவதும் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், சளியோடு இருமல் வந்தாலும் இதேதான் செய்யவேண்டும். அது நுரையீரலில் நீர் கோப்பதன் அறிகுறி. யாருக்கு வந்தாலும் இருவரும் இறங்குவது என்ற பேச்சைத் தண்டையார்பேட்டையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். அங்கே போய் வாதாட வேண்டியிராது.

இனி உங்கள் மருந்துப்பை. டெக்ஸாமெத்தசோனை யார் எழுதிக் கொடுத்தார்கள்? ஒருவருமில்லை, வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் வாங்கியிருப்பீர்கள். எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான். அது வீங்கிய மூளையைக் கொஞ்சநேரம் தணித்து, ஆளைக் கீழே கொண்டுவர உதவும் ஸ்டீராய்டு. தலைவலிக்கு அதைப் போட்டுக்கொண்டு ஏறினால் உங்களைக் காப்பாற்றக்கூடிய அறிகுறிகளையே அது மூடிவிடும். அது வழிகாட்டியிடம் இருக்கட்டும். எப்போது, எவ்வளவு என்று ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளும் அதனுடன் இருக்கட்டும்.

டயமாக்ஸ், உயரத்துக்கு உடம்பு சீக்கிரம் பழக உதவும் மாத்திரை. நல்ல மருந்து, ஆனால் எல்லோருக்கும் அவசியமில்லை. தேவைப்படுபவர்களுக்கு 125 மில்லிகிராம் காலை, இரவு என்று ஏற்றத்துக்கு முந்தைய நாள் தொடங்கிக் கொடுப்போம். விரல் மதமதக்கும், சிறுநீர் அடிக்கடி போகும். சல்ஃபா ஒவ்வாமையோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் தானாக விழுங்கக்கூடாது. பிபி மாத்திரை எடுப்பவர் என்பதால் உங்கள் கணவர் மருத்துவரைப் பார்க்காமல் தொடவே வேண்டாம்.

கற்பூரம் சாமிக்கு இருக்கட்டும், அதை முகர்ந்தால் உடம்பில் ஆக்சிஜன் அதிகமாகிவிடாது. அந்தச் சின்ன ஆக்சிஜன் கேன் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும், சுமக்காதீர்கள். கொரோனா காலத்து ஆக்சிமீட்டரையும் வீட்டிலேயே விடுங்கள். 4,000 மீட்டரில் நல்ல ஆளுக்கே 85 காட்டும். 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்கு ஓடிய ஞாபகத்தில் நீங்கள் அங்கே வீணாக நடுங்குவீர்கள். தூக்கத்தில் அவர் மூச்சு சில நொடி நின்று, பின் பெருமூச்சாக வருவது உயரத்தில் சகஜம். சந்தேகமிருந்தால் எழுப்புங்கள். தெளிவாகப் பேசி, கோட்டில் நேராக நடந்தால் இருவரும் தூங்கலாம். தூக்க மாத்திரையும் மதுவும் வேண்டாம். காலையில் முகம் லேசாக உப்பியிருந்தால் விட்டுவிடுங்கள். குதிகால் சூடாக உரசுகிறது என்று தோன்றிய உடனே உட்கார்ந்து பிளாஸ்திரி ஒட்டினால் கொப்புளமே வராது. அவர் சொல்ல மாட்டார் என்றால் மதிய ஓய்வில் நீங்களே ஷூவைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். முட்டியின் சோதனை ஏறும்போது அல்ல, கணவாய்க்கு அந்தப்பக்கம்தான். முக்திநாத் வரை ஒரே நாளில் ஏறத்தாழ 1,600 மீட்டர் இறக்கம். ஆளுக்கு இரண்டு ஊன்றுகோல் வேண்டும்.

காசிமேட்டு நடை காலுக்கு நல்லது, தொடருங்கள். ஆனால் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எத்தனை மாதம் நடந்தாலும் உடம்புக்கு உயரம் பழகாது. நல்ல தெம்புள்ளவர்கள்தான் வேகமாக ஏறிப் படுத்துக்கொள்கிறார்கள். இப்போது மனாங் வரை ஜீப் போகிறது, நாள் மிச்சம் என்று ஆசைகாட்டுவார்கள். அந்த ஊர் 3,540 மீட்டர். ஜீப்பில் ஏறாதீர்கள். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தின் உயரம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே ஊரில் இரண்டு இரவு தங்குங்கள். மனாங்கில் கட்டாயம் தங்குங்கள். 1973-இல் தொடங்கிய ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் அங்கே நடைக்காலத்தில் மருத்துவ நிலையம் நடத்துகிறது. உயரநோய் பற்றி அங்குள்ள மருத்துவர்கள் பேசுவார்கள். அவரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். மனைவி சொன்னால் கேட்காதவர்கள்கூட அங்கே கேட்பார்கள்.

பதினெட்டு நாளில் இரண்டு நாளாவது வெறுமனே விடுங்கள். ஊர் திரும்பும் டிக்கெட் நெருக்கும்போதுதான் தலைவலியோடும் மோசமான வானிலையிலும் ஏறத் தோன்றும். 2014 அக்டோபரில் நம் வங்கக்கடலிலிருந்து போய் விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹூட்ஹூட் புயலின் மிச்சம், இரண்டு நாளில் இந்தக் கணவாய்ப் பக்கம் பனியாகக் கொட்டியது. நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். முக்திநாத் 108 திவ்ய தேசங்களில் ஒன்று, அங்கே நடந்தே போய்ச் சேரவேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. ஒருவேளை பாதியில் இறங்க வேண்டிவந்தால், பொக்ராவிலிருந்து வண்டியிலேயே அங்கே போகலாம் என்பதை அவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். இறங்கச் சம்மதிப்பது அவருக்குச் சுலபமாகும்.

பிபி மாத்திரையை ஒருநாளும் நிறுத்தக்கூடாது. ஒரு பை தொலைந்தாலும் தட்டுப்பாடு வராதபடி பாதியை அவர் பையிலும் பாதியை உங்கள் பையிலும் வையுங்கள். கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது ஒரு வாரத்து பிபி அளவுகளைக் குறித்துக்கொண்டு அவரது மருத்துவரிடம் இருவருமாகப் போங்கள். அந்த மருந்துப்பையையும் எடுத்துப்போய் மேசைமேல் கொட்டிக் காட்டுங்கள்.