எத்தனை நாளாக இப்படி இருக்கிறது?

கேள்வி: வேலையில் நெருக்கடி, வீட்டில் கடன். மனசே சரியில்லை. எல்லாருக்கும் வருகிற கவலைதானா, டாக்டரைப் பார்க்க வேண்டியதா?

பதில்: கவலைக்குக் காரணம் இருப்பதாலேயே அது நோயில்லை என்று ஆகிவிடாது. கடன்பட்டவருக்கும் மனச்சோர்வு நோய் வரும். அதனால் எத்தனை நாள் ஆச்சு, எதெல்லாம் நின்றுபோச்சு என்று பாருங்கள். இரண்டு வாரமாக அநேகமாகத் தினமும் மனசு கனத்தே கிடக்கிறது, அல்லது பிடித்த எதிலும் நாட்டமில்லை. கூடவே தூக்கம், பசி, தெம்பு, கவனம் கெட்டு, அன்றாடக் காரியங்கள் தேங்குகின்றன என்றால் போய்ப் பார்த்துவிடுங்கள்.

ஞாபகத்தை நம்பாதீர்கள். சோர்வில் எல்லா நாளும் ஒன்றுபோலத்தான் தெரியும். தினம் கிழிக்கிற காலண்டர் தாளில் மூன்று விஷயம் மட்டும் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு விழிப்பு வந்தது, எத்தனை வேளை சாப்பிட்டீர்கள், செய்ய வேண்டியதில் எது விட்டுப்போனது. 14 தாள் சேர்ந்ததும் அப்படியே எடுத்துப் போங்கள். ‘3 மணி, 3.20, 3 மணி’ என்று விழிப்பு வரிசையாக இருந்தால் டாக்டருக்கு அது பெரிய தடயம். சாவைப் பற்றிய எண்ணம் வந்தால் மட்டும் இந்த 14 நாள் கணக்கு கிடையாது. அன்றைக்கே போக வேண்டும்.

கேள்வி: திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, விரலெல்லாம் மரத்துப்போகிறது. ஈசிஜி, எக்கோ இரண்டும் நார்மல். ‘ஒன்றுமில்லை’ என்கிறார்கள்.

பதில்: ‘இதயத்தில் ஒன்றுமில்லை’ என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் சொல்வது பெரும்பாலும் பீதித் தாக்குதல். பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானே இறங்கும். வேகவேகமாக மூச்சு விடுவதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. விரல் மரத்துப்போவது அதனால்தான். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். தைராய்டும் ஹீமோகுளோபினும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவற்றில் கோளாறு இருந்தாலும் படபடப்பு வரும். அதற்குப் பிறகும் மாதாமாதம் ஈசிஜி எடுத்துக்கொண்டிருப்பது பயத்துக்குத் தீனி போடுவதுதான். ‘மறுபடி வந்துவிடுமோ’ என்று பஸ் ஏறாமல், தனியாக வெளியே போகாமல் ஒரு மாதம் ஓடியிருந்தால் உளவியல் சிகிச்சைக்குப் போய்விடுங்கள். நன்றாகக் குணமாகக்கூடியது இது.

கேள்வி: மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரம். சும்மா சும்மா அழுகிறாள். பச்சை உடம்பு, காத்து கருப்பு பட்டிருக்கும் என்கிறார் சம்பந்தியம்மா.

பதில்: பிரசவமான மூன்றாம் நாள், நாலாம் நாள் அழுகை வருவது சகஜம், இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். மூன்று வாரமாகியும் அடங்கவில்லை என்றால் காட்ட வேண்டும். குழந்தை தூங்கும் நேரத்திலும் இவளுக்குத் தூக்கம் வருகிறதா என்று கவனியுங்கள். வரவில்லை என்றால் அது முக்கியமான அறிகுறி. பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகள் உண்டு. பயந்து பாலை நிறுத்த வேண்டாம். ‘இது என் குழந்தையே இல்லை’ என்கிறாள், காதில் குரல் கேட்கிறது என்கிறாள் என்றால் அது அவசர நிலை. மந்திரிப்பதற்காக ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். தாயையும் பிள்ளையையும் தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

கேள்வி: மனநோய் வந்தவருக்குக் கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. முதலில் சிகிச்சை.

கேள்வி: யாரிடம் போவது? மாத்திரை ஆரம்பித்தால் விடவே முடியாதாமே?

பதில்: மாத்திரை எழுதுபவர் மனநல மருத்துவர். பேச்சுவழிச் சிகிச்சை தருபவர் மருத்துவ உளவியலாளர், மருத்துவ உளவியலில் எம்.ஃபில் போன்ற படிப்பும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவும் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் மனநலப் பிரிவு உண்டு. 14416-க்கு அழைத்தால் டெலி-மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநலச் சேவையில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

பலர் பாதியில் கழன்றுகொள்வது இரண்டு இடத்தில். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரமாகும். அதற்குள் வயிற்றுப் புரட்டல் வந்ததும் ‘ஒத்துக்கவில்லை’ என்று விடுகிறார்கள். இல்லையென்றால் தேறியதும் தாங்களே நிறுத்துகிறார்கள், நோய் திரும்புகிறது. தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் சாப்பிட்டு, டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். இவை பழக்கமாகிற மாத்திரைகள் இல்லை. பழக்கமாவது சில தூக்க மாத்திரைகள். அவற்றைச் சீட்டில் எழுதிய நாளுக்கு மேல் வாங்காதீர்கள்.

கேள்வி: தம்பி ‘நான் இல்லாமலிருந்தால் எல்லாருக்கும் நல்லது’ என்கிறான். கேட்டால் தூண்டிவிட்டதுபோல ஆகிவிடுமோ?

பதில்: ஆகாது. ‘செத்துப்போகணும்னு தோணுதாடா? எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கியா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்ட பிறகு புத்தி சொல்லாமல், அவன் முடிக்கும்வரை காது கொடுங்கள். வழி யோசித்து வைத்திருந்தால் ஆபத்து அதிகம். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து, வீட்டு மாத்திரைகள் எல்லாவற்றையும் இன்றே வேறு வீட்டுக்கு மாற்றுங்கள்; பரணில் ஒளித்தால் போதாது. ராத்திரி யாராவது கூடப் படுங்கள். 14416-க்கோ, அரசு மருத்துவ உதவி எண்ணான 104-க்கோ அழையுங்கள், இன்றே மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். எதையாவது குடித்துவிட்டான் என்றால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், பாட்டிலையும் கொண்டுபோங்கள். போலீஸ் கேஸாகுமோ என்று தயங்க வேண்டாம்: தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கக்கூடாது என்கிறது 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு.